மடியில் கிடத்திய மின்கிட்டார்: காக்ஸ் டவுனில் அளந்து பார்த்த ஒரு கருவியை முன்வைத்து

மின்கிட்டார் என்றதும் தோளில் வார் மாட்டி, நின்றபடி வாசிக்கும் கருவியே நம் மனக்கண்ணில் எழும். ஆயினும் வணிகச் சந்தையில் நிலைத்து நின்ற முதல் மின்கிட்டார் அவ்விதம் வாசிக்கப்பட்டதன்று. அதை மடிமீது மல்லாத்திக் கிடத்தி, இடக்கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்கி வாசித்தனர். 1932-இல் கலிபோர்னியாவிலிருந்து விற்பனைக்கு வந்த அக்கருவி, சிறு வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக அலுமினியத்தில் வார்க்கப்பட்டிருந்தமையால் 'வாணலி' என்ற பட்டப்பெயரைப் பெற்றது. அமெரிக்கர் லாப் ஸ்டீல் என்று அழைக்கும் இவ்வகையை நம் நாட்டில் ஹவாயன் கிட்டார் என்றே வழங்கினர்.

மடியில் கிடத்தும் கருவிக்கு முதலில் மின்சாரம் சென்றது ஏன்? ஓசை போதவில்லை என்பதே வழக்கமான விடை. நடன அரங்குகள் பெரிதாயின. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கிய கூடத்தில் கிட்டார் யார் காதிலும் விழவில்லை. ஆகவே மின்சாரத்தை நாடினர் என்பர். இது பாதிக் கதை. ஓசை போதாமை எல்லாக் கிட்டார்களுக்கும் பொதுவான குறை. அப்படியிருக்க, வழுக்கி வாசிக்கும் கிட்டார் மட்டும் ஏன் முந்திக்கொண்டது? மறுபாதிக் கதை, மீட்டிய தந்தி எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்பதில் இருக்கிறது.

தந்தியை மீட்டும்போது விரல் அதற்குத் தரும் ஆற்றல் ஓர் அளவுக்கு உட்பட்டது. அந்த ஆற்றல் குதிரையின் வழியே மரப்பெட்டிக்கு இறங்கி, மேற்பலகையை அதிரச் செய்து, பலகை காற்றை அசைத்தால்தான் நமக்குக் கேட்கும். பெட்டி இந்த ஆற்றலை விரைந்து செலவிட்டால் ஓசை ஓங்கும். ஆனால் விரைவில் அடங்கிவிடும். தோல் போர்த்திய பாஞ்சோவைக் கேட்டவர்கள் இதை அறிவர்: பளீரென்று எழும்பிய மறுகணமே சுரம் மறைந்துவிடும். மாறாக, கனத்த மரக்கட்டை ஒன்றில் தந்தியை இழுத்துக் கட்டினால் அது நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ஓங்கி ஒலிப்பதும் நீண்டு ஒலிப்பதும் ஒரே பணப்பையிலிருந்து செலவாகும் இரண்டு செலவுகள். வீணை செய்யும் ஆசாரி முதல் கிட்டார் செய்யும் தச்சர் வரை எல்லோரும் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தைத்தான் செதுக்கி வந்தனர்.

மெட்டுகளின்மீது விரல் வைத்து வாசிப்பவர் அடுத்தடுத்து மீட்டிக்கொண்டே செல்வார். சுரம் சற்றுக் குறுகினாலும் பாட்டு நடந்துவிடும். வழுக்கி வாசிப்பவரின் நிலை வேறு. ஒருமுறை மீட்டிய தந்தியில் எஃகுத் துண்டு நகர நகர அடுத்தடுத்த சுரங்கள் பிறக்க வேண்டும். நடுவழியில் தந்தி அடங்கிவிட்டால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இந்தச் சமரசத்தின் வலியை மற்ற எவரையும்விட அதிகம் உணர்ந்தவர் அவரே.

தமிழ்நாட்டு இசையுலகம் இந்த வலியை நன்கு அறிந்திருந்தது. கோட்டுவாத்தியம் இதே வகைக் கருவிதான்: மெட்டுகள் இல்லை, தந்திகளின்மேல் வழுக்கிச் செல்லும் ஓர் உருளைக் கட்டை, பெரும்பாலும் கருங்காலி. கோடு என்ற சொல்லுக்குத் தமிழில் கொம்பு என்றும் மரக்கிளை என்றும் பொருளுண்டு. கருவியின் பெயரே கையிலிருக்கும் துண்டிலிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 'ஸ்டீல் கிட்டார்' என்ற பெயரும் அப்படித்தான் அமைந்தது; அதிலுள்ள எஃகு என்பது தந்தியைக் குறிப்பதன்று, கைத்துண்டைக் குறிப்பது. திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டுவாத்தியத்தைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார். இளமையில் செம்மங்குடி சீனிவாசய்யர் அவரிடம் பயின்றது இசையன்பர்கள் அறிந்த செய்தி. பின்னர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் நாராயண அய்யங்காரும் அதை வளர்த்தனர். ஒரே மீட்டில் பல சுரங்களை இழைக்கும் கமகத்துக்கு ஒலியின் நீட்சியே முதல். அதைப் பெற நம்மவர் கண்ட வழி, மேல் தந்திகளுக்குக் கீழே ஒத்ததிரும் தந்திகளை நிரையாகக் கட்டுவது. மேலே சுரம் அடங்கினாலும் கீழே அதன் எதிரொலி சற்று நேரம் தங்கும். மரத்தாலும் தந்தியாலும் மட்டுமே தேடிய விடை அது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஹவாய்த் தீவினர் வழுக்கி வாசிக்கும் முறையை இந்தியாவிலிருந்தே கற்றனர் என்ற பேச்சு நம் சமூக ஊடகங்களில் அவ்வப்போது உலவுகிறது. ஹவாயில் இம்முறையைப் பரப்பியவராகப் பொதுவாக ஏற்கப்படுபவர், ஓவாஹு தீவின் லாயியே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு. 1880களின் பிற்பகுதியில், பள்ளி மாணவராக இருக்கும்போதே, இரும்புத் துண்டால் தந்திகளை வழுக்கிப் பார்த்தவர். இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டாவியன் என்ற கடலோடி அவருக்கும் முன்பே ஹொனலூலுவில் அவ்வாறு வாசித்ததாக ஒரு கூற்று உண்டு. அந்த ஒரு கூற்றைக் கொண்டு விசித்திர வீணையிலிருந்து ஹவாய் வரை பாலம் கட்டுவோர் நம்மில் பலர். இழுத்துக் கட்டிய தந்தியின்மேல் வழவழப்பான பொருளை ஓட்டிப் பார்க்கும் எண்ணம் உலகில் ஒரே இடத்தில்தான் தோன்ற வேண்டும் என்பதில்லை. பிறப்பிடப் பெருமை பேசுவதால், இருவரும் ஒரே சிக்கலை எப்படி வேறுவேறு வழிகளில் தீர்த்தனர் என்ற சுவையான கேள்வி காணாமற்போகிறது என்பதே என் மனக்குறை.

அமெரிக்க வழியைப் பார்ப்போம். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பின் ஹவாய் இசை அந்நாட்டைப் பித்துப்பிடிக்க வைத்தது. ஜார்ஜ் பீச்சம் அம்மோகத்தில் வளர்ந்த ஹவாயன் கிட்டார்க் கலைஞர். முதலில் அவர் ஓசையைத்தான் தேடினார். ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஜான் டோப்யேரா, மரப்பலகைக்கு மாற்றாக மெல்லிய அலுமினியக் கூம்புகள் அதிரும் கிட்டாரை உருவாக்கினார். 1927-இல் நேஷனல் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. ஓசை உண்மையிலேயே ஓங்கியது. ஆனால் பணப்பை ஒன்றுதானே! செலவு கூடக்கூட ஒலியை நீட்டிப் பிடிப்பது அரிதாயிற்று.

பீச்சத்தின் அடுத்த அடி இந்தக் கணக்கையே புரட்டிப் போட்டது. தந்தியின் அதிர்வைப் பலகையிடம் ஒப்படைக்காமல் நேரே மின்னோட்டமாக மாற்றிவிட்டால், உடல் ஒலிக்க வேண்டிய தேவையே இல்லை. உடல் ஒலிக்காவிட்டால் ஆற்றல் தந்தியிலேயே தங்கும், சுரம் நீளும். ஓசை எவ்வளவு வேண்டுமோ அதை வால்வு பெருக்கி மின்சாரத்திலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும். நூற்றாண்டுகளாகத் தச்சர்கள் சுமந்த சமரசம் அங்கே அறுந்தது. மின்கிட்டாரின் வரலாற்றில் ஓசை பெருகியதைவிட, ஓசையும் நீட்சியும் ஒன்றையொன்று சாராமல் பிரிந்ததே பெரிய நிகழ்வு என்பது என் கருத்து.

1931-இல் நேஷனல் தொழிற்சாலையின் ஹாரி வாட்சன் மேப்பிள் மரத்தில் முதல் மாதிரியைச் செதுக்கினார். அதன் உடல் எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்தாலே கொள்கை விளங்கும். ஒலிப்பெட்டி என்ற பேச்சே இல்லை. சுருளைச் சுற்றுவதற்குப் பீச்சம் வீட்டுச் சலவை இயந்திரத்தின் மோட்டாரைப் பயன்படுத்தினார் என்று சொல்லப்படுவதுண்டு. அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் கூட்டுச் சேர்ந்து அலுமினியத்தில் வார்த்து விற்றார். 1934 ஜூனில் அளித்த காப்புரிமை விண்ணப்பத்துக்கு 1937 ஆகஸ்டில்தான் ஒப்புதல் கிடைத்தது. இக்கருவி உண்மையில் வேலை செய்யுமா என்று காப்புரிமை அலுவலர் ஐயுற, கலைஞர்களை அனுப்பி வாசித்துக் காட்டச் செய்ய வேண்டியிருந்தது. அதற்குள் போட்டியாளர்கள் பலர் தம் கருவிகளோடு சந்தைக்கு வந்துவிட்டனர்.

அந்தப் பிக்கப் இயங்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் செய்திக்கு அது தேவை. லாட வடிவக் காந்தங்கள் இரண்டு தந்திகளை மேலும் கீழுமாக வளைத்து நிற்கின்றன. தந்திகள் காந்தத்தின் நடுவே புகுந்து செல்கின்றன. தந்திகளுக்கு நேர் கீழே ஆறு இரும்பு முனைகள். அவற்றைச் சூழ்ந்து மெல்லிய செப்புக் கம்பியின் சுருள். எஃகுத் தந்தி காந்தப் புலத்தில் அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் புலம் ஏறி இறங்குகிறது. அதனால் சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி இதுவே. தொலைபேசியின் காதுக்குமிழிலும் காந்தமும் சுருளும் உண்டு; அங்கே இரும்புத் தகடு அதிர்கிறது, இங்கே தந்தி அதிர்கிறது. வேறுபாடு அவ்வளவே.

உடலை எதனால் செய்வது என்பதிலும் இரண்டாண்டுகளில் பாடம் கற்றனர். அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 22.5 அங்குலத் தந்தி நீளமுள்ள கருவி மேடை விளக்கின் கீழ் 10 டிகிரி சூடேறினால் உடலுக்கும் தந்திக்கும் இடையே சுமார் 0.06 மி.மீ. வேறுபாடு உண்டாகும். கேட்கச் சிறிது, ஆனால் எஃகுத் தந்தியின் சுருதியைக் காதுக்குத் தெரியுமளவு உயர்த்த அது போதும். 1935-இல் ரிக்கன்பேக்கர் பேக்கலைட்டுக்கு மாறியது. அதே ஆண்டில் அலுமினியத்தில் தொடங்கிய கிப்சன் நிறுவனமும் விரைவில் மரத்துக்குத் திரும்பியது. பழைய ரிக்கன்பேக்கர்களைச் சேகரிப்போர் காந்தத்தின் அகலத்தைத்தான் முதலில் அளப்பர்: போருக்கு முந்தியது ஒன்றரை அங்குலம், பிந்தியது ஒன்றேகால். கால் அங்குலத்தில் விலையே மாறிவிடும். இந்தச் சேகரிப்பு மனநிலையால் நம் ஊர்க் கருவிகளுக்கு நேர்ந்த கேட்டைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இந்தியாவுக்கு ஹவாயன் கிட்டார் வந்தது சுற்றுப்பயணக் குழுக்களின் வழியே. அவர்களுள் முதன்மையானவர் டாவ் மோ. சமோவாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த அவர், 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தார். அவரிடம் பயின்ற ஆங்கிலோ-இந்தியரான கார்னி நிஸ் தம் அலோகா பாய்ஸ் குழுவோடு இசைத்தட்டுகள் வெளியிட்டார். வங்காளத்தில் இக்கருவி அப்படியே ஊன்றிவிட்டது. தாகூர் பாடல்களும் நஸ்ருல் பாடல்களும் அதில் ஒலித்தன. கவிஞர் நஸ்ருலின் மகன் காஜி அனிருத்தாவே அதன் புகழ்பெற்ற கலைஞர். பம்பாய்த் திரையுலகில் வான் ஷிப்லி தாமே வடிவமைத்த எட்டுத் தந்தி மின்கிட்டாரை வாசித்தார். லக்னோவில் பிறந்து அலாவுதீன் கானிடம் பயின்ற அவர், சுருதித் தந்திகளையும் அதில் சேர்த்திருந்தார். தொழிற்சாலைக் கருவியை அப்படியே ஏற்காமல் தனக்கேற்ப அமைத்துக்கொண்ட இந்தியர்களில் அவரை முன்னோடி என்பேன்.

பிறகு நடந்ததுதான் வியப்பு. 1967-இல் வெளிவந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் பிரிஜ் பூஷண் காப்ரா கிட்டாரில் இந்துஸ்தானி இசையை வாசித்தார். அதன்பின் விஷ்வ மோகன் பட்டின் மோகன வீணை வந்தது, 1994-இல் கிராமி விருதும் வந்தது. இவர்கள் சென்ற திசை, கட்டை உடலைவிட்டு மீண்டும் மரப்பெட்டிக்கும் ஒத்ததிரும் தந்திகளுக்கும். கோட்டுவாத்தியக்காரர் கண்ட பழைய விடையை நோக்கியே சாஸ்திரிய இசை கிட்டாரையும் இழுத்துச் சென்றது. மின்சாரக் கட்டைக் கருவியோ திரைப்பாட்டு, நடனக்கூடம், தேவாலயம், வீட்டு வரவேற்பறை என்று தங்கிவிட்டது. அதை 'லைட் மியூசிக்' கருவி என்று ஒதுக்கிய பின் அதைப் பற்றி எழுத யாரும் முன்வரவில்லை.

தென்னகத்தில் மின்சாரம் கர்நாடக மேடையேறியது வேறு வழியில். 1980களின் தொடக்கத்தில் யூ. ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவன் மின்மாண்டலினோடு வந்தபோது முகஞ்சுளித்தோர் பலர். இரட்டைத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி, கட்டை உடலில் அவர் பெற்றது அதே நீட்சிதான். மாண்டலின் போன்ற விரைந்தடங்கும் கருவியில் கமகம் பிறந்ததற்கு அதுவே காரணம். வீணையோ கோட்டுவாத்தியமோ ஏன் இவ்வழி எளிதில் செல்லவில்லை என்று கேட்கலாம். மந்தரத் தந்திகள் பித்தளை அல்லது வெண்கலம். காந்தம் அவற்றை அறியாது. எனவே உடலில் ஒட்டும் தொடு மைக்கையே பலர் நாடினர். அந்த மைக் பலகையின் அதிர்வைத்தான் கேட்கும். பழைய சமரசமும் அதோடு கூடவே வரும்.

இப்போது காக்ஸ் டவுனுக்கு வருகிறேன். சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனின் கலெக்டராக இருந்த ஏ. ஆர். காக்ஸின் பெயரைத் தாங்கிய இப்பகுதி, ஃபிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் ஆகியவற்றோடு ஒட்டியது. கண்டோன்மென்டின் தமிழரும் ஆங்கிலோ-இந்தியரும் பல தலைமுறைகளாக அடுத்தடுத்த வாசல்களில் வாழ்ந்த தெருக்கள் இவை. 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று இந்நகரில் தொழிற்சாலைகள் எழுந்தபோது, பட்டறை வேலை தெரிந்த கைகளும் வீட்டு இசைப் பழக்கமும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வுகளையே இங்கே செய்யத் தொடங்கியது.

இத்தெருக்களில் ஒரு வீட்டில், அலமாரி மேலிருந்த ஹவாயன் கிட்டார் ஒன்றை அளந்து பார்க்க அண்மையில் எனக்கு வாய்த்தது. செய்தவர் தொழிற்சாலை ஊழியர், காலமாகி நெடுநாளாயிற்று. குடும்பத்தார் விருப்பப்படி அடையாளம் எதுவும் குறிப்பிடவில்லை. விற்கலாமா என்று விசாரித்தபோது, பெயர்ப்பட்டை இல்லாத கருவிக்கு மதிப்பில்லை, பிரடைகளை மட்டும் கழற்றித் தாருங்கள் என்று கேட்டாராம் ஒரு வியாபாரி. பழைய கருவி என்றால் முத்திரை, வரிசை எண், ஆண்டு என்று மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டதன் விளைவு இது.

முத்திரை இல்லாத கருவியும் பேசும்; அளக்கத் தெரிந்தால் போதும். உடல் ஒரே தேக்குக் கட்டை, பழைய கதவுச் சட்டமாக இருந்திருக்கலாம். கீல் பதித்திருந்த பள்ளம் ஒன்றைத் தூள் வைத்து அடைத்த தடயம் பின்புறம் தெரிகிறது. குதிரைக்குப் பதில் இரும்புக் கோணச் சட்டத்தின் ஒரு துண்டு. தந்தி நீளம் 22.5 அங்குலம், இது ரிக்கன்பேக்கர், கிப்சன் கருவிகளில் வழங்கிய அளவு. ஆனால் மெட்டுக் கோடுகள் அக்கருவிகளைப் பார்த்துப் படியெடுத்தவை அல்ல. பன்னிரண்டாம் கோடு தந்தியின் சரிபாதியில், அதாவது 285.75 மி.மீ. தொலைவில் விழ வேண்டும்; இங்கே ஏறத்தாழ 2 மி.மீ. முன்னதாகவே விழுந்திருக்கிறது. இந்தப் பிழைக்கு ஒரு பெயருண்டு: பதினெட்டில் ஒரு பங்கு விதி. எஞ்சிய நீளத்தைப் பதினெட்டால் வகுத்து அடுத்த மெட்டைக் குறித்துக்கொண்டே செல்வது. வானியலாளர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 16-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தது. சரியான எண் 17.817. பன்னிரண்டு முறை பெருகும்போது அந்தச் சிறு வேறுபாடு ஏறத்தாழ 2 மி.மீ. ஆகிறது. ஆக, இவர் நீளத்தை எங்கிருந்தோ அறிந்து, கோடுகளைத் தாமே காகிதத்தில் கணக்கிட்டிருக்கிறார். மெட்டு வைத்த கருவியில் இப்பிழை காதை உறுத்தும். வழுக்கி வாசிக்கும் கருவியில் கோடு கண்ணுக்கு வழிகாட்டி மட்டுமே. சுருதியைத் தீர்மானிப்பது கையும் காதும்.

பிக்கப்பைத் திறந்தபோதுதான் நான் உட்கார்ந்துவிட்டேன். வானொலி கேட்கும் பழைய ஹெட்போன் ஒன்றின் இரு காதுக்குமிழ்கள், இரும்புத் தகடுகள் நீக்கப்பட்டு, தந்திகளுக்குக் கீழே பக்கம் பக்கமாகப் பதிக்கப்பட்டிருந்தன. குமிழுக்கு இரண்டாக நான்கு காந்த முனைகள், தந்திகளோ ஆறு. இடைவெளியில் விழும் தந்திகள் மெலிந்துவிடாதிருக்க ஒவ்வொரு முனையின் மேலும் தீக்குச்சித் தடிப்பில் மெல்லிரும்புத் துண்டு ஒன்றை வைத்து அகலப்படுத்தியிருக்கிறார். மல்டிமீட்டர் காட்டியது 3,900 ஓம். குமிழுக்கு 2,000 ஓம், ஜோடிக்கு 4,000 ஓம் என்பது அக்கால ரேடியோ ஹெட்போனின் வழக்கமான அளவு. குமிழின் இரு சுருள்களும் எதிரெதிர் முனைகளில் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால், வீட்டு மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் ஒரு சுருளில் கூடி மறுசுருளில் கழிந்துவிடுகிறது; தந்தியின் ஒலி மட்டும் தங்குகிறது. கிப்சனின் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இரட்டைச் சுருள் பிக்கப்பின் கொள்கை இதுவே. காக்ஸ் டவுன்காரர் அதை அறிந்து செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஹெட்போனைத் தேர்ந்தபோது அந்த நன்மை தானே கூட வந்தது. தகடு இருந்த இடத்தில் தந்தியை வைத்தால் போதும் என்று கண்டது மட்டும் அவருடைய அறிவு. பீச்சமும் அதைத்தான் கண்டார்.

கைத்துண்டு, பெரிய பேரிங்கிலிருந்து எடுத்த எஃகு உருளை: 20 மி.மீ. விட்டம், 75 மி.மீ. நீளம், 185 கிராம். இதுவும் தற்செயலன்று. இலேசான துண்டு தந்தியோடு சேர்ந்து தானும் அதிர்ந்து ஆற்றலைத் தின்றுவிடும். கனத்த துண்டு அசையாத எல்லையாக நின்று அதிர்வைத் தந்திக்கே திருப்பி அனுப்பும். கட்டை உடலும் கனத்த உருளையும் ஒரே நோக்கத்துக்கு இரு முனைகளிலும் காவல் நிற்கின்றன. ஹெட்போன் மலிவாகக் கிடைத்ததால் அமைந்தது என்று சொல்லலாம். உருளை அப்படிக் கிடைத்திராது, தேடி எடுத்தது.

பெருக்கி என்று தனியாக ஒன்று அவ்வீட்டில் இருந்ததில்லை. அக்கால வால்வு ரேடியோக்களின் பின்புறத்தில் கிராமபோன் பிக்கப்பை இணைக்க இரண்டு துளைகள் இருக்கும். கிட்டாரின் கம்பி அங்கேதான் சென்றது. கிட்டாருடன் கிடந்த வயரின் முனையில் இரட்டை வாழைப்பழ பின்கள் இருந்ததே இதற்குச் சான்று. ஓர் ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏசி, டிசி இரண்டிலும் இயங்குமாறு செய்யப்பட்ட, டிரான்ஸ்பார்மர் இல்லாத ரேடியோக்களில் உட்சட்டமே மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். குதிரையும் தந்தியும் கைத்துண்டும் உலோகமாக உள்ள கருவியை அத்தகைய ரேடியோவில் மாட்டினால் 230 வோல்ட் கைக்கு வரக்கூடும். பழமையைப் பழைய முறையிலேயே கேட்கும் ஆவலில் எவரும் அதைச் செய்ய வேண்டாம். இன்றைய சிறு கிட்டார்ப் பெருக்கி போதும். 3,900 ஓம் சுருள் அதில் நன்றாகவே பேசுகிறது. மத்திம ஸ்தாயியில் மீட்டிய சுரம் பத்து வினாடிக்கு மேலும் கேட்டது.

இத்தகைய கருவி உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்குமானால், திறப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படமெடுங்கள். தந்தி தொடங்கும் தாங்கி முதல் குதிரை வரையும், அதே தாங்கி முதல் பன்னிரண்டாம் கோடு வரையும் மி.மீ. கணக்கில் அளந்து எழுதிவையுங்கள். சுருளின் மின்தடையை அளங்கள்; அறுந்திருந்தாலும் சுருளை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றக் கொடுத்துவிடாதீர்கள், அறுந்த சுருளும் சான்றே. காந்தத்தைத் தட்டவோ சூடாக்கவோ கூடாது. போர்க்காலத்துக்கு முந்திய எஃகுக் காந்தங்கள் எளிதில் வலுவிழப்பவை. பழைய பாலிஷைச் சுரண்டிப் புதுப்பிக்க வேண்டாம். அதன் அடியில்தான் பென்சில் கணக்குகள் இருக்கும். தந்திகளை ஒரேயடியாக வெட்டாமல் ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். பெட்டிக்குள் கிடக்கும் எஃகு உருளையையும் விரலில் மாட்டும் நகங்களையும் வயரையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல் கருவியோடு சேர்த்தே வைத்திருங்கள்.